காலையில் குதிரை, பத்து மணிக்கு அலுவலகம்

கல்கத்தா லைட் ஹார்ஸ் 1872இல் தொடங்கப்பட்ட தன்னார்வக் குதிரைப்படை. அதில் இருந்த ஆங்கிலேயர்கள் முழுநேரப் படைவீரர்கள் அல்லர். சணல் கம்பெனி மேலாளர்கள், தேயிலைத் தரகர்கள், வங்கி அதிகாரிகள், காப்பீட்டுக்காரர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரே அந்தப் படையில் அதிகாரிகளாகவும் சிப்பாய்களாகவும் இருந்தார்கள். காலையில் குதிரைப் பயிற்சி, பத்து மணிக்கு அலுவலகம், மாலையில் கிளப் என்பது அவர்கள் வாழ்க்கை.

கல்கத்தாவின் வணிகத் துரைமாரில் வசதி மிக்கவர்கள் குடியிருந்த இடம் அலிப்பூர். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் வாழ்ந்த பெல்வெடேர் மாளிகை அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றிய சாலைகளில் பரந்த புல்வெளியும் குதிரை லாயமும் வேலைக்காரர் வீடுகளும் கொண்ட பங்களாக்கள் எழுந்தன. நம் மலைத்தோட்டங்களில் பெரிய துரை, சின்ன துரை என்பார்களே, அப்படி அங்கே கம்பெனித் தலைவர் பர்ரா சாஹிப், அவருக்குக் கீழே இருப்பவர் சோட்டா சாஹிப்.

வேலையை விடாமல் படையிலும் பணியாற்றும் வழக்கம் பிரிட்டனில் பெரிய இயக்கமானது 1859இல். மூன்றாம் நெப்போலியன் படையெடுத்து வருவான் என்ற அச்சம் அப்போது பரவியிருந்தது. ஊர் ஊராகத் துப்பாக்கிப் படைகள் தோன்றின. 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்' எழுதிய தாமஸ் ஹியூஸ் தொழில்முறையில் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. லண்டன் உழைப்பாளர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு அமைந்த படைப்பிரிவுக்கு அவர் தலைமை ஏற்றார். ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்த 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைஃபிள்ஸ்' படைக்குத் தளபதியாக இருந்தவர் ஃபிரெடரிக் லெய்ட்டன். 1878இல் ராயல் அகாடமியின் தலைவரான புகழ்பெற்ற ஓவியர் அவர். நீண்ட காலம் பணியாற்றிய தன்னார்வ அதிகாரிகளுக்கென்று 1892இல் ஒரு தனிப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. 1894இல் அது இந்தியாவுக்கும் வந்தது. அதைப் பெற்றவர்கள் பெயருக்குப் பின்னால் 'வி.டி.' என்று போட்டுக்கொண்டார்கள்.

இந்தியாவில் இந்தப் படைகள் பிறந்த கதை வேறு. இங்கே அவற்றுக்கு வித்திட்டது 1857ஆம் ஆண்டின் எழுச்சி. கல்கத்தாவிலும் சென்னையிலும் ஐரோப்பியர் அந்த ஆண்டே தன்னார்வப் படைகளில் சேர்ந்தனர். சென்னையில் அமைந்ததன் பெயர் மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ். பின்னர் நீலகிரித் தோட்டக்காரர்களுக்கு ஒரு படை, தென்னிந்திய ரயில்வே ஊழியர்களுக்கு ஒரு படை என்று பெருகின. இங்கிலாந்தில் தன்னார்வலர் அஞ்சியது கடலுக்கு அப்பால் இருந்த பிரெஞ்சுக்காரனை. இந்தியாவில் அவர் அஞ்சியது தம்மைச் சுற்றி வாழ்ந்த மக்களை. பெயரும் சீருடையும் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆலையும் தோட்டமும் ரயில் பாதையும் யாருடையவையோ, அவற்றைக் காக்கும் துப்பாக்கியும் அவர்கள் கையிலேயே இருந்தது.

இந்த அதிகாரிகளில் பேர்போனவர் டுகால்ட் மெக்டாவிஷ் லம்ஸ்டன். அசாமில் தேயிலை பயிரிட்டவர்; அசாம் பள்ளத்தாக்கு லைட் ஹார்ஸ் படையின் தளபதியாக இருந்தவர். 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர்களிடம் பிரிட்டிஷ் படை அடுத்தடுத்துத் தோற்றபோது அவர் ஆஸ்திரேலியாவில் பயணம் செய்துகொண்டிருந்தார். அங்கிருந்து வைசிராய்க்குத் தந்தி கொடுத்தார்: படை திரட்ட ரூ.50,000 தருவதாகவும் தாமே போருக்குப் போவதாகவும். தோட்டக்காரர்களையும் கல்கத்தா அலுவலகத்தாரையும் சேர்த்து ஏறத்தாழ 250 பேர் கொண்ட 'லம்ஸ்டன்ஸ் ஹார்ஸ்' உருவாயிற்று. 1900 பிப்ரவரி, மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து இரண்டு கப்பல்களில் அது புறப்பட்டது. ஏப்ரல் 30ஆம் நாள் ஹவுட்நெக் பகுதியில் நடந்த சண்டையில் துணைத் தளபதி மேஜர் ஈடன் ஷவர்ஸ் உயிரிழந்தார். அவர் சுர்மா பள்ளத்தாக்கு லைட் ஹார்ஸ் படையை நடத்தி வந்தவர்.

இலங்கையிலும் இதே கதைதான். 1900இல் தொடங்கிய சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர், கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியத் தோட்டத் துரைமாரின் படை. அவர்களுடைய தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள். 1914 அக்டோபரில் அந்தப் படையின் சுமார் 230 பேர் மேஜர் ஹால் பிரவுன் தலைமையில் கப்பல் ஏறினார்கள். 1915இல் கலிப்போலி போர்முனையில் ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவலாக நின்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். அதே ஆண்டு இலங்கையில் கலவரம் மூண்டபோது ஐரோப்பியத் தன்னார்வலர்கள் கையில் மீண்டும் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. இந்த முறை அது திரும்பியது உள்ளூர் மக்கள் பக்கம். அந்த அடக்குமுறையின் கொடுமை இலங்கை வரலாற்றில் இன்னும் ஆறாத வடு.

நம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரும் இந்த வரிசையில் வருகிறார். புலி வேட்டைக் கதைகள் எழுதிய ஜிம் கார்பெட் இருபது ஆண்டுகளுக்கு மேல் கங்கைக் கரையில் 'மொகாமே காட்' படித்துறையில் ரயில் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக இருந்தார். 1917இல் குமாவுன் மலைவாசிகள் 500 பேரைத் திரட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். ஒருவரைத் தவிர அனைவரையும் உயிரோடு வீடு சேர்த்தார் என்பது அவருக்குக் கிடைத்த எந்தப் பதவியையும்விடப் பெரிய பெருமை. இரண்டாம் உலகப்போரில் லெப்டினன்ட் கர்னலாகிக் காட்டுப் போர்முறை கற்பித்தார்.

இந்தியர் இப்படிச் சேர விரும்பினால்? கதவு சாத்தியே இருந்தது. 1886இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தியர்களையும் தன்னார்வப் படையில் சேர்க்க வேண்டுமென்று தீர்மானம் போட்டது, அரசு அசையவில்லை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டியிருந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. 1908இல் அலிப்பூர் நீதிமன்றத்தில் தொடங்கிய வெடிகுண்டு வழக்கில் அரவிந்தர், அவருடைய தம்பி பரீந்திர குமார் கோஷ் முதலான இளைஞர்கள் நிறுத்தப்பட்டார்கள். அதே அலிப்பூரின் பங்களாக்களில் ஐரோப்பியர் துப்பாக்கி வைத்திருப்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1920இல் சட்டம் மாறியபோதும் பாகுபாடு ஒழியவில்லை. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் துணைப்படை, இந்தியருக்குப் பிராந்தியப் படை என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

கல்கத்தா லைட் ஹார்ஸின் பெயர் இன்று நினைக்கப்படுவது ஒரே ஓர் இரவால். இரண்டாம் உலகப்போரின்போது கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் ஏரன்ஃபெல்ஸ் முதலான மூன்று ஜெர்மன் கப்பல்களும் ஓர் இத்தாலியக் கப்பலும் ஒதுங்கி நின்றன. கோவாவை அப்போது ஆண்ட போர்த்துகல் நடுநிலை நாடு; எனவே பிரிட்டிஷ் ராணுவம் வெளிப்படையாக உள்ளே நுழைய முடியாது. ஏரன்ஃபெல்ஸிலிருந்து ரகசிய வானொலி வழியாக நீர்மூழ்கிகளுக்குத் தகவல் போகிறது என்று பிரிட்டிஷ் உளவுத்துறை நம்பியது. பிடிபட்டாலும் அரசு கைகழுவக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். கர்னல் பில் கிரைஸ் தலைமையில் லைட் ஹார்ஸிலிருந்து 14 பேரும் கல்கத்தா ஸ்காட்டிஷ் படையிலிருந்து 4 பேரும் முன்வந்தார்கள். பெரும்பாலும் நடுவயதை எட்டிய அலுவலக மனிதர்கள். லைட் ஹார்ஸ் கடைசியாகப் போரைக் கண்டது போயர் போரில்தான். பயிற்சிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ரயிலேறிக் கொச்சி போய், 'ஃபீபி' என்ற பழைய படகில் ஏறினார்கள். கல்கத்தா ஆற்றில் தூர்வாரிய சேற்றைச் சுமக்கும் படகு அது. ராணுவத் தரப்பில் திட்டத்தை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் லூயிஸ் பியூ. 1943 மார்ச் 9ஆம் தேதி இரவு ஏரன்ஃபெல்ஸில் ஏறினார்கள். அதன் தலைவர் கொல்லப்பட்டார். ஜெர்மானியரும் இத்தாலியரும் தங்கள் நான்கு கப்பல்களையும் தாங்களே மூழ்கடித்தார்கள். வந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

அவர்கள் கல்கத்தா திரும்பி மறுபடி அலுவலக நாற்காலியில் அமர்ந்தார்கள். செய்தது ரகசியமென்பதால் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. 1978இல் ஜேம்ஸ் லீசர் எழுதிய 'போர்டிங் பார்ட்டி' நூலும், 1980இல் கிரகரி பெக் நடித்து வெளியான 'தி சீ வுல்வ்ஸ்' படமும்தான் இதை உலகுக்குச் சொல்லின.

1947இல் லைட் ஹார்ஸ் கலைக்கப்பட்டது. அலிப்பூரின் பெல்வெடேர் மாளிகையில் 1953 முதல் தேசிய நூலகம் இயங்குகிறது. சாதி, நிறம் பாராமல் எந்தக் குடிமகனும் வேலையை விடாமல் சேரக்கூடிய பிராந்தியப் படையை 1949 அக்டோபர் 9ஆம் நாள் தொடங்கிவைத்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அந்தப் படையின் 110ஆவது மெட்ராஸ் பட்டாலியன் இன்று கோயம்புத்தூரில் இருக்கிறது.