பழி யார் மேல்?

‘மறுபடியும் பொட்டப்புள்ளையா?’ என்று மருமகளை முறைக்கும் மாமியார்களே, ஒரு நிமிஷம்!

நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள். விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது மட்டும் ‘மியாசிஸ்’ என்ற விசேஷப் பிரிவு நடந்து, அது 23 ஆகக் குறைகிறது. அம்மாவிடம் இருப்பது இரண்டு எக்ஸ். ஆகவே எந்த முட்டைக்கும் எக்ஸ்தான். அப்பாவிடமோ எக்ஸ், ஒய் இரண்டும் உண்டு. பாதி விந்தணுக்களுக்கு எக்ஸ், மீதிக்கு ஒய். எக்ஸ் முந்தினால் பெண், ஒய் முந்தினால் பையன். (இதில் அப்பாவின் இஷ்டமும் செல்லாது, பாவம்!)

அமெரிக்க விஞ்ஞானி நெட்டி ஸ்டீவன்ஸ், வண்டினத்தை ஆராய்ந்து 1905-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஆனால் 1986-ல், மதுரைக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது பத்திரிகையில் வந்து நாடே அதிர்ந்தது. பயம் வரதட்சணைக்கு, பழி தாயின் வயிற்றுக்கு!

கரு உருவாகும்போதே எக்ஸா, ஒய்யா என்பது முடிந்துபோன விஷயம். பிறகு எந்த லேகியமும் அதை மாற்றாது. ஸ்கேன் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்வதோ, 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம்.