சொல் சேர்த்த எலி

எறும்பும் வெட்டுக்கிளியும் கதையைக் கேட்காமல் தமிழ்ப்பள்ளியைத் தாண்டி வந்தவர் நம்மில் அரிது. கோடை முழுதும் பாடித் திரிந்த வெட்டுக்கிளி குளிர்காலத்தில் எறும்பின் வாசலில் வந்து நிற்கும். எறும்பு கதவைச் சாத்திவிடும். பாடியவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்பது ஈசாப் பெயரில் வழங்கும் அக்கதையின் தீர்ப்பு. தமிழ்மொழிக் கழகத்தின் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு விடுதிக்குத் திரும்பும் மாணவருக்கும் ஏறத்தாழ இதே தீர்ப்பைத்தான் வீட்டில் சொல்வார்கள். "இதெல்லாம் சோறு போடுமா?" என்ற கேள்வியை நானும் மூன்றாண்டுகள் கேட்டவள்.

அந்தத் தீர்ப்போடு வழக்காடும் படநூல் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். லியோ லியோனி எழுதி, தாமே படமும் அமைத்த 'ஃபிரெடரிக்' என்னும் அந்த நூல் 1967-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, சிறந்த படநூல்களுக்கு அந்நாட்டில் வழங்கப்படும் கால்டெகாட் விருதின் சிறப்புத் தகுதியைப் பெற்றது.

கதை மிக எளிது. குடியானவர்கள் கைவிட்டுப் போன பண்ணையருகே ஒரு பழைய கற்சுவர். அதில் ஐந்து வயல் எலிகள் வாழ்கின்றன. குளிர்காலம் நெருங்குவதால் நான்கு எலிகள் இரவு பகலாகச் சோளமும் கோதுமையும் கொட்டைகளும் வைக்கோலும் சேர்க்கின்றன. ஃபிரெடரிக் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால், தானும் வேலைதான் செய்வதாகச் சொல்கிறான். இருண்ட நாள்களுக்காக வெயிலையும், சாம்பல் பூத்த நாள்களுக்காக நிறங்களையும், பேச்சு வற்றிப்போகும் நீண்ட நாள்களுக்காகச் சொற்களையும் சேர்க்கிறானாம்! பனி வருகிறது. முதலில் தீனிக்கும் குறைவில்லை, கதைக்கும் குறைவில்லை. பிறகு தானியம் தீர்கிறது, சுவர் சில்லிடுகிறது, பேச்சும் நின்றுவிடுகிறது. அப்போதுதான் மற்ற எலிகளுக்கு அவன் சேமிப்பு நினைவுக்கு வருகிறது. ஃபிரெடரிக் கல் மேல் ஏறி நின்று வெயிலைப் பற்றிப் பேசுகிறான்; அவர்களுக்கு உடல் கதகதக்கிறது. பூக்களின் நிறங்களைச் சொல்கிறான். கண்ணை மூடியபடியே காண்கிறார்கள். கடைசியாக ஒரு கவிதை சொல்கிறான். கைதட்டுகிறார்கள், அவன் நாணித் தலைவணங்குகிறான். அவ்வளவே.

இதை எழுதியவர் வாழ்க்கையும் நமக்குச் சுவையானது. 1910-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த லியோனி, 1935-இல் ஜெனோவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எதில் என்கிறீர்கள்? பொருளாதாரத்தில்! (வணிகத் துறை நண்பர்கள் கவனிக்கவும்.) இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தபின், 1939-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அங்கே விளம்பரத் துறையில் பணியாற்றி, பின்னர் 'ஃபார்ச்சூன்' என்னும் வணிக இதழின் கலை இயக்குநராகப் பல்லாண்டுகள் இருந்தார். குழந்தை நூல் எழுதத் தொடங்கியபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. ரயில் பயணத்தில் பேரப்பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்க, இதழ் ஒன்றின் பக்கங்களைக் கிழித்து நீல வட்டமும் மஞ்சள் வட்டமுமாகக் கதை சொன்னார். அதுவே 1959-இல் அவருடைய முதல் நூலாயிற்று. 'ஃபிரெடரிக்' நூலின் எலிகளும் தாளைக் கிழித்து ஒட்டிச் செய்தவையே. ஐந்தும் ஒரே சாம்பல் நிறம், ஒரே உடல்வாகு. பாதி மூடிய கண்களைக் கொண்டுதான் ஃபிரெடரிக்கை அடையாளம் காணமுடியும். மாறுபட்டவன் என்பதைக் காட்ட அவர் கொம்பு வைக்கவில்லை, வண்ணம் பூசவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பட்டதாரியான பின், தமிழ்ப்பள்ளி ஒன்றின் வாசிப்பு நேரத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்நூலைத் தமிழில் சொல்லியிருக்கிறேன். முதல் தடையே குளிர்காலம். நம் பிள்ளைகளுக்குப் பனி என்றால் தொலைக்காட்சிதான். கிழக்குக்கரையில் நவம்பர் மாதம் பருவமழை தொடங்கியதும் மீனவர்கள் கடலுக்குப் போகமுடியாமல் வீட்டில் அடைந்து கிடப்பதைச் சொன்னேன், புரிந்துகொண்டார்கள். இன்னொரு தடை எலி. நம் மொழியில் வயல் எலி என்றாலே நெல்லைத் திருடுவது. அதைக் கவிஞனாக ஏற்கப் பிள்ளைகளுக்குச் சிறிது நேரம் தேவைப்பட்டது. பாதிக் கதையில் ஒரு சிறுவன், "அக்கா, அவன் சோம்பேறிதானே?" என்றான். வகுப்பே ஆமோதித்தது. நான் பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினேன்.

பெரியவர்களும் இந்நூல்மீது வைக்கும் குற்றச்சாட்டு அதுதான், புறக்கணிக்கத்தக்கதன்று. ஃபிரெடரிக் மற்றவர் சேர்த்த தானியத்தைத்தான் தின்கிறான். அவன் கவிதையால் ஒரு சோளமணிகூட விளையவில்லை. நூலும் அப்படிச் சொல்லி ஏமாற்றவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் சேர்த்ததும் கோடையில்தான். பனி விழுந்தபின் வெயிலைச் சேர்க்கமுடியாது. கேட்ட நாளில் எடுத்துக் கொடுக்க அவனிடம் இருப்பு இருந்தது. சும்மா இருந்தவனுக்கும் சேர்த்துக்கொண்டிருந்தவனுக்கும் உள்ள வேறுபாடு அன்றுதான் வெளிப்படுகிறது. ஆகவே, 'நான் மாறுபட்டவன்' என்று சொல்லிக்கொண்டு ஒத்திகைக்கும் வராமல் திரிபவர்களுக்கு இந்த நூல் சான்றிதழ் தராது என்பேன்.

மற்ற நான்கு எலிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர்களே பெரியவர்களாகத் தெரிகிறார்கள். கடிந்துகொண்டார்கள், ஆனால் விரட்டவில்லை, பங்கையும் குறைக்கவில்லை. நம் புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார். தம் தகுதியை அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்பது அவர் நிலை. அந்த எலிகள் முதலில் தானியத்தைக் கொடுத்துவிட்டார்கள். தகுதியைப் பிறகுதான் அறிந்தார்கள். புலவருக்கு அது உவப்பாக இருந்திருக்குமோ என்னவோ!

லியோனி பிற்காலத்தில் இத்தாலிக்கே திரும்பினார். இல்லாத தாவரங்களைப் பற்றி, தாவரவியல் ஆய்வுநூல் போலவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1999-இல், 89-ஆம் வயதில் காலமானார்.

கதை முடிந்ததும், சோம்பேறி என்று சொன்ன அதே சிறுவன் மீண்டும் கை தூக்கினான். "அடுத்த வருசம் அவங்க அவனுக்கும் சேர்த்துச் சோளம் எடுத்து வைப்பாங்களா, அக்கா?" என்று கேட்டான். நூலில் அதற்குப் பக்கம் இல்லை. வரைந்து காட்டச் சொன்னேன். பதினெட்டுப் பிள்ளைகளில் பன்னிருவர் ஆறாவதாக ஒரு சோளக்குவியலை வரைந்திருந்தார்கள். மூவர் படத்தில் ஃபிரெடரிக்கும் ஒரு சோளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.