திருப்பதியில் சோதிக்க வேண்டிய ஊசி

தோல் அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் போடப்பட்டுவந்த டுபிலுமாப் என்ற ஊசியை, சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் பயன்படுத்த 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு ஆதாரமான இரண்டு சோதனைகளில் ஒன்றான போரியாஸில் 939 பேர் சேர்ந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு நோய் திடீரென முற்றுவது ஆண்டுக்குச் சராசரியாக 0.78 முறை; மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 1.10 முறை. மூன்று மருந்து கலந்த இன்ஹேலருக்கும் அடங்காத நோயில் இது 30 சதவீதம் குறைவது பெரிய ஆறுதல். ஆனால் சேர்க்கப்பட்டவர்கள், தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்து ஆண்டுக்குச் சமமான அளவாவது சிகரெட் புகைத்தவர்கள். ரத்தத்தில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு இயோசினோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் 300க்குக் குறையாதவர்கள்.

இந்த இரண்டு நிபந்தனைகளுமே சித்தூர்ப் பக்கம் இடறுகின்றன. இங்கே சிகரெட்டைத் தொடாமலே நுரையீரல் கெட்டவர்கள் உண்டு: விறகடுப்பில் ஆயுள் முழுக்கச் சமைத்த பெண்கள், கரும்புச் சக்கையை எரித்து வெல்லம் காய்ச்சும் கொப்பரையடியில் நிற்பவர்கள், கிரானைட் தூளைச் சுவாசிப்பவர்கள், காசநோய் ஆறியும் வடு ஆறாதவர்கள். விறகுப் புகையால் வரும் நோயில் காற்றறைகள் சிதைவதைவிட மூச்சுக்குழாய் தடித்துச் சுருங்குவதே அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இயோசினோஃபிலோ, குடற்புழு இருந்தாலும் ஏறும், யானைக்கால் புழுவின் பாதிப்பிலும் ஏறும். புழுவை எதிர்க்க உடல் பயன்படுத்தும் அதே சமிக்ஞையைத்தான் இந்த ஊசி அடக்குகிறது. ஆகவே புழு இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்தச் சொல்கிறது மருந்தின் கையேடு. 300 என்ற ஒரே எண், அங்கே அலர்ஜிக்கு அடையாளமாகவும் இங்கே புழுவுக்கு அடையாளமாகவும் இருக்கலாம்.

மனித உடல் எங்கும் ஒன்றுதானே என்பார்கள். இதற்கு இந்த மண்ணே பதில் சொல்லியிருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1948ல் பிசிஜி ஊசி போடத் தொடங்கினார்கள். பிரிட்டனில் அது காசநோயை நான்கில் மூன்று பங்குக்கு மேல் தடுத்தது. 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானோரிடம் தொடங்கி 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்குக் கொடிய வகைக் காசநோயிலிருந்து காப்பளிப்பதால் இன்றும் போடுகிறோம். பெரியவர்களுக்கு உதவாது என்ற அந்தத் தெளிவை உள்ளூர்ச் சோதனைதான் தந்தது.

ஏழைக்கு எட்டாத விலை மருந்தை இங்கே சோதித்து யாருக்கு லாபம் என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் 2016ல் சுமார் 5.5 கோடிப் பேருக்கு சிஓபிடி இருந்ததாக மதிப்பீடு. எல்லோருக்கும் இந்த ஊசி வேண்டியதில்லை; ஆனால் பலன் தருமா என்று தெரியாமலே நிலத்தை அடகு வைத்து ஊசி வாங்கும் குடும்பத்துக்குத்தான் சோதனை இல்லாததன் நஷ்டம் முழுதும் விழுகிறது. விலை குறைந்த நகல்கள் வரும் நாளில் அரசுக் காப்பீட்டில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கவும் இந்தத் தரவு வேண்டும். திருப்பதியின் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியும், பக்கத்து வேலூரின் சிஎம்சி மருத்துவமனையும் சேர்ந்தால் இதைச் செய்ய முடியும். புகைக்காத பெண்களைத் தனிப் பிரிவாகச் சேர்க்க வேண்டும். ஊசிக்கு முன் புழுவுக்கும் காசநோய்க்கும் பரிசோதிக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தெலுங்கிலும் தமிழிலும் இருக்க வேண்டும். ஆய்வு முடிந்தபின் குணம் கண்டவருக்கு ஊசியை யார் தருவார் என்பதும் கையெழுத்துக்கு முன்பே அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.