மாலைக்கண் நோய்: வைட்டமின் ஏ குறைபாட்டின் தடுப்பும் சிகிச்சையும்

உணவில் வைட்டமின் ஏ சத்து நீண்ட நாள் போதாமல் போவதால் வரும் கண் நோய்களின் முதல் நிலையே மாலைக்கண். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் முழுமையாகக் குணப்படுத்தலாம். கருவிழி சிதைந்த பிறகு எந்த மருந்தாலும் இழந்த பார்வையைத் திருப்பித் தர முடியாது.

குறைபாடு ஏற்படும் விதம்

மங்கிய வெளிச்சத்தில் பார்க்க விழித்திரையிலுள்ள ரோடாப்சின் என்ற நிறமி தேவை. இது உருவாக வைட்டமின் ஏ அவசியம். கண், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்படலங்களை ஈரமாகவும் உறுதியாகவும் வைத்திருப்பதும் இதே சத்துதான். உடல் இதைக் கல்லீரலில் சேமித்து வைக்கிறது. உணவு வழியே வரவு குறையும்போது சேமிப்பு கரைகிறது. அது தீரும் தறுவாயில்தான் கண்ணில் அறிகுறி தெரிகிறது.

அரிசியில் இச்சத்து இல்லை. எனவே ஆறு மாதத்திற்குப் பின் கஞ்சியும் சோறும் மட்டுமே ஊட்டப்படும் குழந்தைக்குக் குறைபாடு எளிதில் வரும். தட்டம்மையும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் இருக்கும் சேமிப்பையும் விரைவாகக் கரைத்துவிடும்.

அறிகுறிகள்

- மாலைக்கண்: பகலில் ஓடியாடும் குழந்தை, பொழுது சாய்ந்ததும் தட்டுத் தடுமாறும், ஓரிடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், தட்டிலுள்ள சோற்றைத் துழாவி எடுக்கும்.
- கண் வறட்சி: விழியின் வெண்பகுதி பளபளப்பு இழந்து சுருங்கும். அதில் சோப்பு நுரை ஒட்டியதுபோல் தோன்றும் திட்டுகளுக்குப் பைடாட் புள்ளிகள் என்று பெயர்.
- கருவிழி வறட்சி: கருவிழி மங்கிச் சொரசொரப்பாகும். இது அவசர நிலை.
- கருவிழிச் சிதைவு: கருவிழியில் புண் ஏற்பட்டு, அது இளகிக் கரையும். சில நாட்களிலேயே பார்வை பறிபோகலாம்.

மாலைக்கண் எல்லாம் வைட்டமின் குறைபாட்டால் வருவதில்லை. பரம்பரை விழித்திரை நோய்களிலும் இரவுப் பார்வை குறையும். ஆகவே மருத்துவரிடம் காட்டி உறுதி செய்வது நல்லது.

கண்ணைத் தாண்டிய ஆபத்து

இந்தோனேசியாவில் ஆல்பிரட் சோமர் குழுவினர் நடத்தி 1983-இல் வெளியிட்ட ஆய்வில், லேசான கண் வறட்சி இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 4 மடங்கு அதிகமாக இறந்தது தெரியவந்தது. உட்படலங்களும் நோய் எதிர்ப்பு ஆற்றலும் பலவீனமாவதால், சாதாரணத் தொற்றுகளே உயிரைப் பறித்தன.

இதைத் தொடர்ந்து பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. அவற்றுள் ஒன்று திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடைபெற்று 1990-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை 8,333 அலகு வைட்டமின் ஏ தரப்பட்டது. உணவிலிருந்தே பெறக்கூடிய சிறிய அளவுதான் இது. ஓராண்டில் அப்பிரிவில் இறப்பு ஆபத்து மற்ற பிரிவைவிடப் பாதிக்கும் கீழாக இருந்தது. பின்னர் வட இந்தியாவில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெரிய அளவு கொடுத்து நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில் இறப்பு மிகச் சிறிதளவே குறைந்தது. குறைபாடு எங்கே அதிகமோ அங்கே பயனும் அதிகம் என்று கருதப்படுகிறது.

தடுப்பு முறைகள்

*உணவு:* சீம்பாலும் தாய்ப்பாலும் முதல் பாதுகாப்பு. ஆறு மாதத்திற்குப் பின் இணை உணவில் மசித்த கீரை, பரங்கிக்காய், கேரட், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். முருங்கைக்கீரை மலிவானது, வீட்டருகிலேயே கிடைப்பது. கீரையிலும் பழத்திலும் உள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. இதை உறிஞ்சக் கொழுப்பு தேவை என்பதால், கீரையில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்க்க வேண்டும். ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால் ஆகியவற்றில் வைட்டமின் ஏ நேரடியாகவே உள்ளது.

*சொட்டு மருந்து:* இந்தியாவில் இத்திட்டம் 1970-இல் தொடங்கியது. 9-ஆம் மாதத்தில் தடுப்பூசியுடன் 1 லட்சம் அலகும், 16 முதல் 18 மாதத்தில் 2 லட்சம் அலகும், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 லட்சம் அலகும் தரப்படுகின்றன. மொத்தம் 9 தவணைகள். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதை இலவசமாகப் பெறலாம்.

சிகிச்சை

அறிகுறி உள்ள குழந்தைக்கு முதல் நாள், மறுநாள், இரண்டு வாரம் கழித்து என மூன்று முறை மருந்து தரப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 50,000 அலகும், ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1 லட்சம் அலகும், அதற்கு மேல் 2 லட்சம் அலகும் உரிய அளவு. மாலைக்கண் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். தட்டம்மை வந்த குழந்தைக்கும் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் இம்மருந்து தர வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

- அளவு மீறினால் தலைவலி, வாந்தி ஏற்படும். முந்தைய தவணை எப்போது தரப்பட்டது என்பதைத் தாய் சேய் நல அட்டையில் பார்த்த பின்பே அடுத்ததைத் தர வேண்டும்.
- கர்ப்பிணிகள் பெரிய அளவில் எடுத்துக்கொண்டால் சிசுவுக்கு ஊனம் ஏற்படலாம். மருத்துவர் சொல்லும் சிறிய அளவே போதுமானது.
- கண்ணில் இலைச்சாறு, தாய்ப்பால் போன்றவற்றை விடக் கூடாது. கருவிழி மங்கியிருந்தால் கண்ணைத் தேய்க்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.
- ஒரு குழந்தைக்குக் குறைபாடு இருந்தால் அதே உணவை உண்ணும் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கக்கூடும். அவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.
- சொட்டு மருந்தின் பாதுகாப்பு சில மாதங்களே நீடிக்கும். அன்றாட உணவு மாறினால்தான் குறைபாடு திரும்பாது.