மறந்த சொல்லும் மறவாத சில்லும்

மறத்தல் மனிதருக்கு இயல்பு. அவர்கள் ஆக்கிய பொறிகளுக்கோ அவ்வியல்பு இல்லை. இந்த வேறுபாட்டினால் விளையும் தொல்லைகளுள் ஒன்று, பழைய மடிக்கணினியின் கடவுச்சொல்லை மறந்துவிடுதல். 'கடவு' என்றால் வழி. வழியைத் திறக்கும் சொல் கடவுச்சொல். அச்சொல்லை வைத்தவர் மறந்துபோகலாம், வேலையை விட்டு விலகியிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கும் ஒரு பொறி, ஏழெழுத்துச் சொல் ஒன்று கிடைக்காத காரணத்தால் குப்பைக்குச் செல்ல நேர்கிறது. ஆயினும் அச்சொல் உலகைவிட்டு மறைந்துவிடவில்லை. அப்பொறிக்குள்ளேயே, விரல்நகத்தினும் சிறிய ஒரு சில்லில் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. அதனை எழுப்பும் முறையும், அம்முறைக்கு அடிப்படையான அறிவியலும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

பயாஸும் மூவகைச் சொற்களும்

கணினிக்கு மின்சாரம் ஊட்டியவுடன் முதலில் விழித்தெழுவது பயாஸ் என்னும் சிறு நிரல். விசைப்பலகை, நினைவகம், வட்டு ஆகியவற்றைச் சோதித்து, பின்னர் பெரிய இயக்கமுறைமையை அழைத்து வேலையை ஒப்படைப்பது அதன் தொழில். இப்பெயரை முதன்முதலாக வழங்கியவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர். 1970களின் நடுவில் தாம் ஆக்கிய சிபி/எம் என்னும் இயக்கமுறைமையின் ஒரு பகுதிக்கு அவர் இப்பெயரிட்டார். 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபின் அச்சொல் எங்கும் பரவிற்று.

ஐபிஎம் 1992இல் வெளியிடத் தொடங்கிய தின்க்பேட் மடிக்கணினிகளை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2005இல் இத்தொழில் சீனாவின் லெனோவோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. இப்பொறிகளில் மூவகைக் கடவுச்சொற்கள் உண்டு. முதலாவது, பொறியைத் தொடங்கும்பொழுது கேட்கப்படும் தொடக்கச் சொல். இரண்டாவது, வட்டினைப் பூட்டும் வட்டுச் சொல். மூன்றாவது, பயாஸ் அமைப்புகளை மாற்றும் உரிமையைக் காக்கும் மேற்பார்வையாளர் சொல்.

இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பலர் இடர்ப்படுகின்றனர். தொடக்கச் சொல்லை மறந்தால், மேற்பார்வையாளர் சொல் வைக்கப்படாதவிடத்து, உள்ளிருக்கும் சிறு மின்கலத்தைக் கழற்றி அதனை நீக்கலாம். வட்டுச் சொல் வட்டிலேயே பதிவாவதால், பொறியை மாற்றினாலும் அது விலகாது. மேற்பார்வையாளர் சொல்லை மறந்தவருக்கு நிறுவனத்தின் கையேடு கூறிய வழி ஒன்றே: தாய்ப்பலகையை மாற்றுக என்பதாம். பழைய பொறியின் தாய்ப்பலகையை மாற்றும் செலவு பொறியின் விலையையே விழுங்கிவிடும். ஆகவே அக்கூற்று நடைமுறையில், பொறியை எறிந்துவிடுக என்பதற்கு ஒப்பாயிற்று.

மின்கலம் கழற்றினால் போதாதா?

மேசைக் கணினியைப் பழுதுபார்த்தவர்கள் எழுப்பும் முதல் வினா இதுவே. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில், கடிகாரச் சில்லு ஒன்றினுள் 64 பைட்டு அளவுள்ள சிறு நினைவகம் இருந்தது. அவற்றுள் 14 பைட்டுகள் நாளும் நேரமும் காட்டுவதற்கு. எஞ்சிய 50 பைட்டுகள் அமைப்பு விவரங்களுக்கு. மின்கலம் ஊட்டும் மின்சாரத்தால் மட்டுமே அந்நினைவு நிலைத்திருந்தது. இம்முறையைப் பின்பற்றிய மேசைக் கணினிகள் பலவற்றில், மின்கலத்தைக் கழற்றியதும் கடவுச்சொல்லும் அழிந்துபோகும்.

மடிக்கணினியோ எளிதில் களவுபோகும் பொருள். ஒரு மின்கலத்தைக் கழற்றினாலே திறந்துகொள்ளும் பூட்டு, திருடனுக்குப் பூட்டாகாது. அதனால் மேற்பார்வையாளர் சொல்லை, மின்சாரமே வேண்டாத வேறொரு சில்லில் பதித்தனர். இங்கே மின்கலத்தைக் கழற்றுவது பயனற்றது மட்டுமன்று, கேட்டையும் விளைக்கக்கூடும். மின்கலம் இல்லையேல் கடிகாரம் நாளை இழக்கும். நாளை இழந்த பொறி, அமைப்புப் பக்கத்துக்குள் சென்று நாளைத் திருத்துமாறு கேட்கும். அப்பக்கத்தின் வாயிலிலேயே மேற்பார்வையாளர் சொல் காவல் நிற்கிறது. பல்லாண்டுகள் அச்சொல்லைக் கேளாமலே ஓடிக்கொண்டிருந்த பொறி, முதுமையில் மின்கலம் வற்றியதும் திடீரென வழிமறிப்பதன் காரணம் இதுவே.

மின்சாரமின்றி நினைக்கும் விந்தை

இந்தச் சில்லு ஈஈபிராம் எனப்படும் வகையைச் சேர்ந்தது. மின்சாரத்தாலேயே எழுதவும் அழிக்கவும் தக்க, மின்சாரம் நின்றபின்னும் எழுதியதைக் காக்கும் நினைவகம் அது. இதன் அடிப்படைக் கருத்தை 1967இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவரும் வெளியிட்டனர். 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தில் இவ்வகைச் சில்லினை உருவாக்கியவர்களுள் தலையாயவர் ஜார்ஜ் பெர்லெகோஸ். அவரே 1984இல் அட்மெல் நிறுவனத்தைத் தொடங்கினார். தின்க்பேட் பலவற்றில் கடவுச்சொல்லைத் தாங்கியிருப்பது அந்த அட்மெல் நிறுவனத்தின் 24ஆர்எஃப்08 என்னும் சில்லு.

சில்லின் உள்ளே மின்கடத்தாப் பொருளால் நாற்புறமும் சூழப்பட்ட நுண்ணிய தீவுகள் உள்ளன. உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்கும்பொழுது, மெல்லிய அக்காப்புச் சுவரை ஊடுருவி எலெக்ட்ரான்கள் தீவுக்குள் புகுகின்றன. அழுத்தம் நீங்கியதும் வெளியேற வழியின்றி அங்கேயே சிறைப்படுகின்றன. எலெக்ட்ரான் நிறைந்த தீவு ஒரு குறி. வறிய தீவு மற்றொரு குறி. இவ்விரு குறிகளைக் கொண்டே எல்லாச் செய்தியும் எழுதப்படும். இவ்வகைச் சில்லுகள் பலவற்றுக்கு நூறாண்டு நினைவு உறுதி கூறப்படுகிறது. எழுதிய மனிதரைவிட எழுத்து நீடித்து வாழும் என்பது இதன் பொருள்.

சொல்லைப் படிக்கும் முறை

24ஆர்எஃப்08 சில்லின் கொள்ளளவு 1024 பைட்டு. உலகோடு அது பேசுவது ஐ-ஸ்கொயர்-சி என்னும் முறையில். பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் வகுத்த இம்முறைக்கு இரண்டே கம்பிகள் போதும். ஒன்று செய்தியைச் சுமப்பது. மற்றொன்று தாளம் போடுவது. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு குறி வீதம் செய்தி நகரும். நிலக்கம்பியையும் சேர்த்து மூன்று கம்பிகளைச் சில்லின் கால்களில் மென்மையாகப் பற்றவைத்து, மற்றொரு கணினியின் தொடர்வரிசைத் துறைக்கு இணைப்பதே பழுதுபார்ப்போர் கைக்கொண்ட வழி. அத்துறையின் மின்னழுத்தம் சில்லு தாங்கும் அளவைவிட மிகுதி. ஆதலின் இடையே சில மின்தடைகளும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சீனர் டயோடுகளும் வைக்கப்பட்டன. சில்லுக்கு வேண்டிய மின்சாரத்தை, திறந்து வைக்கப்பட்ட அம்மடிக்கணினியே ஊட்டும்.

இவ்வாறு படித்த 1024 எண்களும் ஒரு கோப்பில் வந்து சேரும். அவற்றுள் கடவுச்சொல் எங்கே? பல மாதிரிகளில் அது 824ஆம் இடத்தில் தொடங்குகிறது. 832ஆம் இடத்தில் மீண்டும் ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது. படிக்கும் நிரல்கள் பதினாறன் அடிமான எண்முறையில் காட்டுவதால், இவ்விடங்கள் திரையில் 338, 340 எனத் தோன்றும். ஒவ்வொன்றும் எட்டு பைட்டு நீளம். முதல் ஏழும் சொல்லுக்கு உரியவை. எட்டாவது, முன்னவை பிழைபடாமையை உணர்த்தும் சரிபார்ப்பு எண். கடவுச்சொல் ஏழு எழுத்துக்கு மேற்படாமைக்குக் காரணம் இதனால் விளங்கும்.

ஆயினும் அவ்விடத்தைப் பார்த்தவுடன் சொல் புலப்படாது. கணினிகள் வழக்கமாக எழுத்துக்குத் தரும் எண்கள் அங்கே இல்லை. இருப்பவை விசையின் எண்கள். 1981ஆம் ஆண்டு விசைப்பலகையிலிருந்து வழிவழியாக வரும் எண்வரிசை அது. அதில் எஸ்கேப் விசை 1, 'ஒன்று' என்னும் இலக்க விசை 2, 'க்யூ' 16, 'ஏ' 30, 'இசட்' 44. சான்றாகத் தேநீரைக் குறிக்கும் டீ, ஈ, ஏ என்னும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை ஒருவர் வைத்திருந்தால், வழக்கமான எழுத்தெண்கள் 84, 69, 65 ஆகும். சில்லில் காணப்படுவனவோ 20, 18, 30. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு அங்கே இல்லை; அழுத்திய விசை எது என்பதே கணக்கு.

தமிழாசிரியர்கள் இதனை எளிதில் உணரலாம். 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கிலத்தின் 'ஏ' விசையை அழுத்தினால் 'அ' தோன்றுகிறது. விசையின் எண் 30 என்பது மாறவில்லை. அதனை எழுத்தாக்கும் நிரலே மாறுகிறது. பயாஸ் விழிக்கும் நேரத்தில் அத்தகைய நிரல் எதுவும் இன்னும் எழவில்லை. ஆகவே அது எழுத்தை அறியாது. விரல் தொட்ட இடத்தை மட்டுமே அறியும்.

படிக்கலாம், எழுதலாகாது

இவ்வேலையில் முதல் விதி, சில்லில் எதனையும் எழுதாமை. பொறியின் தொடர் எண் முதலிய விவரங்களும் அதில் உள்ளன. சொல் இருக்குமிடத்தை மட்டும் அழித்துவிட்டால் போதுமென்று துணிந்தால், சரிபார்ப்பு எண் பொருந்தாமல் பொறி பிழைகூறி நிற்கக்கூடும். 2000களின் தொடக்கத்தில் லினக்ஸ் பயனர்கள் கண்ட ஒரு கேடு இதற்குச் சான்று. கணினியின் வெப்பநிலையை அறிவதற்கான எல்எம்-சென்சார்ஸ் என்னும் நிரல், அக்கம்பிகளில் எவை இணைந்துள்ளன என்று தட்டிப் பார்த்தது. சில தின்க்பேட்களில் இச்சில்லு அத்தட்டலை எழுதும் கட்டளையாகக் கொண்டு தன் செய்தியைச் சிதைத்துக்கொண்டது. பொறிகள் தொடங்க மறுத்தன. தீங்கெண்ணாத ஒரு வினாவே இத்துணை அழிவைச் செய்ததெனில், அறியாத கை எழுதத் துணிவதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

மேலும், இம்முறை எல்லாப் பொறிக்கும் பொருந்தாது. பின்வந்த மாதிரிகளில் கடவுச்சொல்லை மறைகுறியாக்கி, தனிப் பாதுகாப்புச் சில்லுடன் பிணைத்தனர். அங்கே எண்களைப் படித்தாலும் சொல் கிடையாது. 1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியறிஞர் மறைகுறி இயலுக்கு ஒரு நெறி வகுத்தார்: முறை பகைவனுக்குத் தெரிந்தாலும் திறவுகோல் தெரியாதவரை காப்பு நிலைக்க வேண்டும் என்பது அந்நெறியின் சாரம். பழைய தின்க்பேட் இந்நெறிக்கு மாறாக, திறவுகோலையே பூட்டுக்குள் வைத்து, வைத்த இடம் எவருக்கும் தெரியாதென நம்பியது. இடம் தெரிந்த நாளில் காப்பும் போயிற்று.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறப்படும். ஒன்று, பயாஸ் சொல் வட்டிலுள்ள செய்தியைக் காப்பதில்லை. வட்டுச் சொல்லோ மறைகுறியாக்கமோ இல்லாத வட்டினை வெளியே எடுத்து வேறு கணினியில் இணைத்தால், அதிலுள்ளவற்றைப் படிக்கலாம். மாணவரின் மதிப்பெண்ணும் குடும்ப விவரமும் வைத்திருப்போர் இதனை மறத்தலாகாது. மற்றொன்று, பூட்டைத் திறக்கும் அறிவு வேறு. திறக்கும் உரிமை வேறு. தன் உடைமையையோ, உடையவர் இசைந்து தந்ததையோ திறப்பது மீட்பு. பிறருடையதைத் திறப்பது குற்றம். சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், இசைவின்றிப் பிறர் கணினிக்குள் புகுவதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளன. கைம்மாறி வந்த பழைய பொறியாயின், முன்னுடையவரின் எழுத்துச் சான்று கைக்கு வந்தபின்னரே சில்லின்மீது கை வைத்தல் முறை.

இத்தனை முயற்சியையும் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. பொதுப் பொறிக்குச் சொல் வைப்பவர், அதனை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, அலுவலகப் பெட்டகத்தில் பொறியின் தொடர் எண்ணோடு சேர்த்து வைக்கவேண்டும். பொறுப்பு கைம்மாறும் நாளில் சாவிக்கொத்துடன் அவ்வுறையும் கைம்மாறவேண்டும். அங்ஙனம் செய்யின், அடுத்து வருபவர் ஒரு சொல்லுக்காகச் சில்லின் கால்களில் கம்பி பற்றவைக்க நேராது.