சாயப்பட்டறையின் இசைவாணையை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்

மழை பெய்தால் நொய்யல் ஆற்றில் நுரை பொங்குவது திருப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. வெள்ளத்தோடு வெள்ளமாகச் சாயக்கழிவைத் திறந்துவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற கணக்குதான். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு செய்தவர்களே மீண்டும் திறக்க முடிந்தது.

சட்டம் இல்லாமல் இப்படி ஆகவில்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவுநீர் வெளியேற்றும் ஆலையை நிறுவுவதற்கும் இயக்குவதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். எவ்வளவு கழிவு, எந்தத் தரத்தில், எந்த வழியாக என்பதெல்லாம் அதில் நிபந்தனைகளாக இருக்கும்.

பலருக்குத் தெரியாதது, அந்த நிபந்தனைகள் ஆலைக்கும் அதிகாரிக்கும் இடையிலான ரகசியம் அல்ல என்பது. வாரியம் அவற்றைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். கழிவால் பாதிக்கப்படுபவர் அதைப் பார்வையிடலாம் என்று 25ஆம் பிரிவே சொல்கிறது. நேரில் போய் அலைக்கழிந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஆறு நாறுகிறது' என்ற மனு கோப்பில் தூங்கும். 'சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்பது நிபந்தனை; இன்ன தேதி இரவு இன்ன ஓடையில் சாயநீர் ஓடியது' என்ற மனுவை அப்படித் தள்ளிவைப்பது கடினம்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களின் ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் வழக்கில் எடுபடுவது, வாரிய அதிகாரி 21ஆம் பிரிவின் முறைப்படி எடுக்கும் மாதிரி: ஆலைக்காரருக்கு அறிவிப்பு கொடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பாட்டிலும் நேரம் பதிவான புகைப்படமும் அதிகாரியை அந்த இடத்துக்கு வரவழைப்பதற்குத்தான். தண்ணீர் வடிந்தபின் அவர் வந்து பயனில்லை. ஆகவே ஓடும்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டு, எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

மீறல் உறுதியானால் 33ஏ பிரிவின்படி ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். என் பார்வையில் அபராதத்தைவிட ஆலைக்காரர்கள் அஞ்சுவது கரண்ட் போவதற்குத்தான்.

வாரியம் அசையாவிட்டால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே அங்கே மனு செய்யலாம். மாசைத் தடுக்கக் கோரும் மனுவைப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பயிருக்கும் கிணற்றுக்கும் இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள் கிடைக்கலாம், அதற்கு மேல் இல்லை. கிணற்று நீர் நிறம் மாறிய தேதியை அன்றே எழுதி வையுங்கள்.