கல்லீரலில் எவ்வளவு இரும்பு? எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் சொல்வது என்ன?

கடுமையான தலசீமியா உள்ளவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மி.கி. இரும்பு இருக்கிறது. நலமான உடம்பு சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ 1 முதல் 2 மி.கி.தான். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி தெரியாது. அது கல்லீரலில் சேர்கிறது. நாளடைவில் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிகிறது. முருங்கைக்கீரையை நிறுத்தி இதைச் சரிசெய்ய முடியாது. இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துதான் வேண்டும். ‘ரத்தம் கம்மியா இருக்கே’ என்று யாராவது இரும்பு டானிக் வாங்கித் தந்தால், மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

ஃபெரிட்டின் பரிசோதனை போதாதா?

அந்த ரத்தப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. ஆனால் காய்ச்சல், கிருமித்தொற்று, கல்லீரல் அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறிவிடும். அதனால் இரும்பு கூடுகிறதா குறைகிறதா என்று ஊகிக்கலாமே தவிர, கல்லீரலில் எவ்வளவு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முன்பெல்லாம் அதற்கு ஊசி குத்திக் கல்லீரல் சதை எடுத்தார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. அந்த வேலையைச் செய்கிறது. இரும்பு அதிகமுள்ள இடத்தில் சிக்னல் சீக்கிரம் மங்கும். மங்கும் வேகத்தை வைத்து இரும்பைக் கணக்கிடுகிறார்கள். கதிர்வீச்சு கிடையாது. இந்த அளவீட்டுக்கு மருந்து ஊசியும் தேவையில்லை. டி2 ஸ்டார் என்ற எம்.ஆர்.ஐ. முறையில் சில விநாடிகள் மூச்சை அடக்கச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு வீட்டிலேயே பழக்கிவிடலாம்.

ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

‘கல்லீரல் 9 மி.கி./கிராம், இதயம் 28 மி.செ.’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண், ஒரு கிராம் உலர்ந்த கல்லீரலில் உள்ள இரும்பு. 1.8க்குள் இருந்தால் இயல்பு. 7 வரை லேசு. 7 முதல் 15 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. இரண்டாவது எண் டி2 ஸ்டார் நேரம், அதாவது சிக்னல் மங்க எடுக்கும் நேரம், மில்லி செகண்டில். இது தலைகீழ்: குறையக் குறைய இரும்பு அதிகம். இதயத்துக்கு 20க்கு மேல் நல்லது. 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் அபாயம் உண்டு. ஆக, இந்த நோயாளிக்கு இதயம் தப்பியிருக்கிறது, கல்லீரலில்தான் சுமை. மருந்தின் அளவை மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கல்லீரல் நன்றாக இருந்தும் இதயத்தில் இரும்பு இருக்கலாம் என்பதால் இரண்டையும் அளப்பதே நல்லது.

கிளம்பும் முன்

சாதாரண வயிற்று எம்.ஆர்.ஐ.யில் இந்த எண் வராது. அறந்தாங்கியிலிருந்தோ ஆலங்குடியிலிருந்தோ திருச்சி, மதுரை, வேலூர் என்று பயணப்படுபவர்கள், ‘கல்லீரல் இரும்பு அளவு எடுப்பீர்களா, இதயத்துக்கும் சேர்த்தா?’ என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். இரும்பை வெளியேற்றும் மருந்தை பம்ப் மூலம் எடுப்பவர்கள், அந்த பம்ப்பையும் அதன் ஊசியையும் ஸ்கேன் அறைக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும்.

பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கச் சொல்வார்கள். முடிந்தவரை ஒரே சென்டரில், ஒரே முறையில் எடுங்கள். 1.5 டெஸ்லா மெஷினில் கிடைத்த மில்லி செகண்டை 3 டெஸ்லா மெஷினில் கிடைத்ததோடு அப்படியே ஒப்பிட முடியாது. சென்டர் மாறினால் பழைய ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள சி.டி.யையும் கொண்டுபோய், எந்த மெஷின், எந்த முறை என்பதைப் புதிய ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.